ஐந்தாவது தந்தியைக் கையில் கொடுத்தவர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரும் பேன்ஜோ கலைஞருமான பீட் சீகரின் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றியே இருப்பதால், இம்முறை பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாப் டிலனின் தொடக்க காலத்தைச் சொல்லி 2024 இறுதியில் வெளிவந்த ஆங்கிலப் படத்தில் பேன்ஜோவோடு வரும் அந்த மெலிந்த மனிதர் என் மனத்தில் தங்கிவிட்டார். அடுத்த தலைமுறை அவரிடமிருந்து உண்மையில் பெற்றது என்ன? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: படத்தில் நீங்கள் கண்டவர் பீட் சீகர். 1919 மே 3ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்து, 2014 ஜனவரி 27ஆம் தேதி தம் 94ஆம் வயதில் அதே நகரில் மறைந்தார். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர்; தாய் வயலின் கலைஞர். இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மேற்கத்திய செவ்வியல் இசைதான் வாய்த்திருக்க வேண்டும். ஆனால் 1936இல், பதினேழு வயதில், தந்தையுடன் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த மலைநாட்டு ஆடல் பாடல் விழாவுக்குப் போனவர், அங்கே ஐந்து தந்திகள் கொண்ட பேன்ஜோவை முதன்முறையாக ஊன்றிக் கேட்டார். அன்று வாசித்தவர்களில் சமந்தா பம்கார்னர் என்ற மலைநாட்டுப் பெண்மணியும் ஒருவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சீகர் 1938இல் படிப்பைப் பாதியில் விட்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்தில் ஆலன் லோமாக்ஸிடம் வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று பதிவு செய்யப்பட்ட இசைத்தட்டுகளை நாள் முழுவதும் கேட்டார். 1940இல் நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியைச் சந்தித்தார். பிறகு அல்மனாக் பாடகர்கள், 1948 முதல் வீவர்ஸ் என்று இரண்டு குழுக்களில் பாடினார். வீவர்ஸ் பாடிய ‘குட்நைட் ஐரீன்’ 1950இல் பதின்மூன்று வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பெரிய கலைஞர்கள் பெரும்பாலும் தம்மைப் போல வாசிக்கும் சீடர்களை விட்டுச் செல்வார்கள். சீகரைப் போலவே வாசிக்கும் பேன்ஜோ கலைஞர்கள் இன்று மிகக் குறைவு. ஆனால் அவர் வழியாகப் பேன்ஜோவுக்கு வந்து, பிறகு வேறு எங்கோ போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். கருவியைத் தாம் வாசித்துக் காட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. கேட்பவரின் கையில் அதைக் கொடுத்து, தமக்குக் கற்பித்தவர்கள் யார் என்பதையும் சொல்லி, நேரே அவர்களிடமே போகச் சொன்னார். ஒரு இசைக்கலைஞர் அடுத்த தலைமுறைக்குச் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

கேள்வி: எங்கள் தாத்தா வீட்டில் இருந்த புல்புல்தாராவையும் ‘பேன்ஜோ’ என்றுதான் சொல்வார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. தட்டச்சுப் பொறியைப் போன்ற கட்டைகளை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் தந்திகளை மீட்டும் நம் புல்புல்தாரா, 1912இல் ஜப்பானின் நகோயா நகரில் உருவான தைஷோகோத்தோ என்ற கருவியின் வழி வந்தது. இந்தியாவில் பல இடங்களில் அதற்கு ‘இந்தியன் பேன்ஜோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சீகர் வாசித்த பேன்ஜோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தி, கழுத்துக் கோல் செருகி, தந்தி கட்டி உருவாக்கிக்கொண்ட கருவி அது. செனகல், காம்பியா பகுதிகளில் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அகோண்டிங் என்ற கருவியைப் பார்த்தால் உறவு உடனே விளங்கும். கட்டைவிரலால் மீட்டப்படும் குட்டைத் தந்தி இரண்டிலும் இருக்கிறது.

அந்தக் குட்டைத் தந்திதான் பேன்ஜோவின் ஐந்தாவது தந்தி. மற்ற நான்கும் கழுத்தின் நுனிவரை செல்ல, இது மட்டும் பாதி வழியில், ஐந்தாம் மெட்டுக்கு (விரல் அழுத்தும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பி) பக்கத்தில் உள்ள முளையில் முடிந்துவிடுகிறது. வழக்கமான சுருதிச் சேர்க்கையை நம் சுரங்களில் சொல்வதானால், நான்காம் தந்தி கீழ்ப் பஞ்சமம், மூன்றாவது ஷட்ஜம், இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது பஞ்சமம். ஐந்தாவது தந்தி மேல் ஷட்ஜம். பாட்டு எங்கே அலைந்தாலும் இந்த மேல் ஷட்ஜம் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்புராவைப் போல நீண்டு நிற்காமல், தாளத்தின் இடைவெளிகளில் துளித்துளியாக விழுந்தபடி சுருதி காட்டும் தந்தி அது. 1930களின் அமெரிக்க நகரங்களில் நான்கு தந்தி பேன்ஜோவே பெருவழக்காக இருந்தது. ஐந்து தந்திக் கருவி தென்பகுதி மலைநாட்டு வீடுகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அதை நகரத்து இளைஞர்களின் மடிக்குக் கொண்டுவந்ததில் சீகருக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: சீகர் பேன்ஜோ பயிற்சி நூல் ஒன்று எழுதியதாக அறிகிறேன். ஒரு புத்தகம் இசைக்கலைஞரை உருவாக்குமா? குருமுகமாகக் கற்பதற்கு அது ஈடாகுமா? (இசை ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஆசிரியராகிய உங்களிடமிருந்து இக்கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. 1948இல் ஹென்றி வாலஸ் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவருடைய பரப்புரைப் பயணத்தில் பாடச் சென்ற சீகர், பயணத்தின் இடையிடையே எழுதிய நூல் அது. ஐந்து தந்தி பேன்ஜோவை வாசிப்பது எப்படி என்பதே தலைப்பு. முதற்பதிப்பு அச்சகத்தில் அடித்ததுகூட அன்று. நம் ஊரில் ஒரு காலத்தில் துண்டறிக்கைகளும் சிறுபத்திரிகைகளும் வந்தனவே, அதே சைக்ளோஸ்டைல் முறையில் உருட்டி எடுத்த பிரதிகள். 1954இலும் 1962இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. 1954இல் அதற்குத் துணையாக ஒரு பயிற்சி இசைத்தட்டும் வெளிவந்தது.

அந்தக் காலத்தில் மலைநாட்டு பேன்ஜோவைக் கற்க விரும்பும் நகரத்து இளைஞனுக்கு வழியே இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் கென்டக்கியிலும் வட கரோலினாவிலும் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கை செய்வதைச் சொற்களால் விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை, ஏனென்றால் அவர்களுடைய பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார்கள். சீகர் அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து, அவை செய்வதைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்தார். மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியாதவரும் படிக்கும்படி, எந்தத் தந்தியில் எந்த மெட்டை அழுத்த வேண்டும் என்பதை எண்களால் காட்டினார். ஒலிக்கும் தந்தியின் மேல் இடக்கை விரலை ஓங்கிப் பதித்து அடுத்த சுரத்தை எழுப்புவதற்கு ‘ஹாமரிங் ஆன்’ என்றும், அழுத்திய விரலால் தந்தியைச் சுண்டிவிட்டு எழுப்புவதற்கு ‘புல்லிங் ஆஃப்’ என்றும் இன்று உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் சொல்கிறார்களே, அச்சொற்களை வழக்குக்குக் கொண்டுவந்தவர் சீகர்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

நூலின் முதல் பாடத்தை இங்கேயே செய்து பார்க்கலாம். ஆள்காட்டி விரலால் ஒரு தந்தியை மேல்நோக்கிச் சுண்டுங்கள். அது பாட்டின் சுரம். அடுத்து மோதிர விரலின் நகத்தால் எல்லாத் தந்திகளையும் கீழ்நோக்கி வருடுங்கள். வருடி முடித்த உடனே கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை மீட்டட்டும். முதல் ஒலிக்கு ஒரு முழு எண்ணிக்கை, அடுத்த இரண்டுக்கும் அரை அரை எண்ணிக்கை: தாம் தக, தாம் தக, தாம் தக. கருவி இல்லாவிட்டாலும் மேசை விளிம்பில் விரல்களை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கை தானாக நடக்கத் தொடங்கும். நடக்கத் தொடங்கியதும் மேலே ஒரு பாட்டைப் பாடலாம். அன்று மாலையே நீங்கள் யாருக்காவது ஒரு பாட்டை வாசித்துக் காட்டிவிட முடியும் என்பதுதான் இந்தப் பாடத்தின் அருமை. மலைநாட்டார் பலர் நகத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் முறை இதைவிட நுட்பமானது. அதைப் பின்னால் வைத்துவிட்டு, முதல் நாளே வசப்படும் ஒன்றை முன்னால் வைத்தார் சீகர். கற்பிப்பவராக அவர் காட்டிய பெரிய அறிவு இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விளைந்தது என்ன என்று பாருங்கள். ஹொனலுலுவில் வளர்ந்து கலிபோர்னியாவில் கல்லூரியில் படித்த டேவ் கார்ட் இந்நூலை வைத்து பேன்ஜோ கற்றார். அவர் இருந்த கிங்ஸ்டன் டிரியோ குழுவின் ‘டாம் டூலி’ 1958இல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதே குழு ‘சார்லி’ என்ற பயணியைப் பற்றிப் பாடிய இசைத்தட்டில் வரும் பேன்ஜோ ஒலியைக் கேட்டு மயங்கிய சிறுவர்களில் ஒருவர் டோனி டிரிஷ்கா. பிற்காலத்தில் பேன்ஜோவின் இலக்கணத்தையே விரித்தவர்களில் ஒருவரான டிரிஷ்காவிடம் பாடம் கேட்டவர் பேலா ஃப்ளெக். நம் ஜாகிர் உசேனோடும் புல்லாங்குழல் கலைஞர் ராகேஷ் சௌராசியாவோடும் எட்கர் மேயரோடும் சேர்ந்து 2023இல் ஃப்ளெக் வெளியிட்ட தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றதை இதழ்களில் படித்திருப்பீர்கள். ஒரு சைக்ளோஸ்டைல் புத்தகத்திலிருந்து ஜாகிரின் தபலா வரை வந்துவிட்டது பாதை.

இன்னொரு பாதையும் உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த பில் கீத், சீகரின் நூலைக் கொண்டே தொடங்கி, பிறகு பேன்ஜோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸின் வாசிப்பை இசைத்தட்டிலிருந்து சுரம் சுரமாக எழுதி எடுத்தார். எழுதும் முறையைச் சீகரிடம் கற்றவர் எழுதிய அந்தக் குறிப்புகள்தாம் 1968இல் ஸ்க்ரக்ஸ் வெளியிட்ட பயிற்சி நூலுக்கு அடித்தளமாயின. கீத் அதற்குள், 1963இல், மலைநாட்டு மரபிலிருந்து வளர்ந்த ப்ளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, சுரத்துக்குச் சுரம் பாட்டின் மெட்டைப் பின்தொடரும் தமக்கே உரிய ஒரு பாணியைப் படைத்திருந்தார். அந்தப் பாணிக்கும் சீகரின் ‘தாம் தக’வுக்கும் காதுக்குத் தெரியும் ஒற்றுமை எதுவும் இல்லை.

குருமுகத்துக்கு ஈடா என்று கேட்டீர்கள். இல்லை, சீகரும் அப்படிக் கருதியதற்கான அடையாளம் நூலில் இல்லை. யாரிடம் போய்க் கேட்க வேண்டும், எந்த இசைத்தட்டைத் தேட வேண்டும் என்று அது வாசகரை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: பேன்ஜோ தெரிந்த நண்பர் ஒருவர், சீகர் பெரிய வித்துவான் அல்லர், உண்மையான தாக்கம் ஏர்ல் ஸ்க்ரக்ஸுடையதே என்று அடித்துச் சொல்கிறார். உங்கள் கருத்து? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். 1924இல் வட கரோலினாவில் பிறந்த ஸ்க்ரக்ஸ், 1945இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து பேன்ஜோவின் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டுமுனை மாட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாத அருவிபோலச் சுரங்களைக் கொட்டும் அவருடைய முறையை இன்றைய ப்ளூகிராஸ் கலைஞர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகிறார்கள். 1949இல் அவர் பதிவு செய்த ‘ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்’ இன்றும் பேன்ஜோ மாணவர்களுக்கு ஒரு தேர்வு போன்றது. நான் மேலே சொன்ன பேலா ஃப்ளெக்கும் சிறுவனாகத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தொடக்க இசையில் ஸ்க்ரக்ஸின் வாசிப்பைக் கேட்டுத்தான் இக்கருவியின்மேல் ஆசை கொண்டார். விரல் வன்மையில் சீகரை ஸ்க்ரக்ஸோடு ஒப்பிடுவதே பொருந்தாது.

ஆனால் சீகரை வெறும் தாளம் போடுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1955இல் வெளியான ‘கூஃபிங் ஆஃப் ஸூட்’ என்ற இசைத்தட்டில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மெட்டையும் பாஹின் மெட்டையும் பேன்ஜோவில் வாசித்திருக்கிறார். ஆரவாரம் துளியும் இல்லாமல், தம் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து தமக்காகவே வாசிப்பவரைப் போல, ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுத்து வாசித்த தட்டு அது. இந்தக் கருவியில் எதையும் வாசிக்கலாம் என்ற துணிவு பின்வந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், இந்தத் தட்டும் கண்ணில் படும்.

ஸ்க்ரக்ஸ், எட்டிப் பிடிக்க வேண்டிய உயரத்தைக் காட்டினார். சீகர் வாசற்கதவைத் திறந்து வைத்தார். உங்கள் நண்பர் முதலாவதை மட்டுமே தாக்கம் என்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: அரசியல் காரணங்களால் சீகர் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் தோன்ற முடியாமல் போனதாகப் படித்தேன். அப்படியிருந்தும் இளைஞர்களை எப்படிச் சென்றடைந்தார்? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: சீகர் இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர்; பின்னர் விலகினார். 1950களின் கம்யூனிச எதிர்ப்பு அலையில் வீவர்ஸ் குழுவின் வாய்ப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1955 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் விசாரணைக் குழு அவரை அழைத்து, எந்தக் கூட்டங்களில் யாருக்காகப் பாடினீர்கள் என்று கேட்டது. தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ள மறுக்கும் உரிமையைச் சொல்லிப் பலர் ஒதுங்கிக்கொண்ட காலம் அது. சீகர் அந்த உரிமையைத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தின் நிழலில் ஒதுங்கவில்லை. என் நம்பிக்கைகளையும் தோழமைகளையும் பற்றி இப்படிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை, பாடல்களைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்ற நிலையில் நின்றார். 1957இல் நாடாளுமன்ற அவமதிப்பு வழக்கு. 1961 மார்ச்சில் குற்றவாளி என்ற தீர்ப்பும் ஓராண்டுச் சிறைத் தண்டனையும். 1962 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்த ஆண்டுகளில் பெரிய அரங்குகளும் தொலைக்காட்சியும் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடங்களையும் கோடைக்கால முகாம்களையும் கல்லூரி விடுதிகளையும் அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. சிறு தொகைக்கு அங்கெல்லாம் போய்ப் பாடினார். பிள்ளைகளைப் பாட வைத்தார். 1950களில் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள்தாம் 1960களில் கிட்டாரும் பேன்ஜோவும் ஏந்தி மேடையேறிய தலைமுறை. 1954இல், பதின்மூன்று வயதில் சீகரின் கச்சேரியைக் கேட்ட பாடகி ஜோன் பயஸ் அவர்களில் ஒருவர். 1963இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நாட்டுப்புற இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, அதில் சீகருக்கு இடம் மறுத்தபோது, பயஸ் உள்ளிட்ட இளையவர்கள் பலர் அந்நிகழ்ச்சியில் பாட மறுத்துவிட்டார்கள். மூத்தவருக்காக இளையவர்கள் தங்கள் வாய்ப்பை விட்டுக்கொடுத்தது இசைத்துறையில் அடிக்கடி காணக்கூடியதன்று.

1965, 66ஆம் ஆண்டுகளில் நியூஜெர்சியின் சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ‘ரெயின்போ குவெஸ்ட்’ என்ற நிகழ்ச்சியைச் சீகரே நடத்தினார். மொத்தம் 39 பகுதிகள். பார்வையாளர்கள் இல்லை, அலங்காரம் இல்லை, நாற்காலிகளும் ஒரு மேசையும்தான். மிசிசிப்பி ஜான் ஹர்ட், ரெவரெண்ட் கேரி டேவிஸ் போன்ற முதியவர்களும், டோனவன், பஃபி சென்ட்-மேரி போன்ற இளையவர்களும் அங்கே வந்து அமர்ந்தார்கள். விருந்தினர் பாடும்போது சீகரின் முகத்தைப் பாருங்கள்: கண் இமைக்காமல் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கருவியை மெல்ல எடுத்து, அவருடைய குரலுக்கு அடியில் ஒலிக்கும்படி இரண்டு சுரம் சேர்ப்பார். கற்றுக்கொள்வது எப்படி என்பதை அந்த முகத்தைப் பார்த்தே கற்கலாம்.

கேள்வி: 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்கிட்டார் வாசித்தபோது, சீகர் கோடரியை எடுத்து மின்கம்பியை வெட்டப் போனார் என்கிறார்களே, இளையவர்களின் புதுமையை அவர் எதிர்த்தார் என்றுதானே பொருள்? (வாசகர், மதுரை)

பதில்: கோடரியைக் கையில் எடுக்கவில்லை. 1965 ஜூலை 25ஆம் தேதி இரவு ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாட்டின் சொற்கள் ஒன்றும் கேட்காததால், கோடரி இருந்தால் இந்தக் கம்பியை வெட்டிவிடுவேன் என்று கோபத்தில் சொன்னதாகச் சீகரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சொற்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும், கேட்டால்தான் சேர்ந்து பாட முடியும் என்பது அவருடைய வாழ்நாள் பிடிவாதம். ஆனால் மின்னிசையின் மேலேயே அவருக்குப் பகை இருந்தது என்று சொல்வதற்கில்லை. அவர் விவிலியத்தின் சபை உரையாளர் நூலின் வரிகளுக்கு மெட்டமைத்த ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ பாடலை பேர்ட்ஸ் என்ற ராக் குழு மின்கிட்டாரோடு பாடி, அதே ஆண்டு டிசம்பரில் முதலிடம் பிடித்தது.

அந்த ஒரு இரவின் கதை, அதற்கு முன் நடந்ததை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். இளைஞர்கள் புதிதாக எழுதும் பாடல்களை வெளியிட ஒரு ஏடு வேண்டும் என்று வற்புறுத்தியவர் சீகர். அதன் விளைவாக சிஸ் கன்னிங்ஹாம், கார்டன் ஃப்ரீசன் தம்பதியர் 1962இல் நியூயார்க்கில் தங்கள் வீட்டிலிருந்து ‘பிராட்சைட்’ இதழைத் தொடங்கினார்கள். டிலனின் பாடல் ஒன்று அதன் முதல் இதழிலேயே வந்தது. நியூபோர்ட் விழாவும் 1963இல் புதிய முறைக்கு மாறியது. புகழ்பெற்றவராயினும் புதியவராயினும் பாடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஊதியம், 50 டாலர். பயணச் செலவும் தங்குமிடமும் உணவும் தனி. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் சீகர் ஒருவர். மிச்சமான பணத்தில் மலைநாட்டு முதியவர்களைத் தேடி அழைத்துவர முடிந்தது. 1920களில் இசைத்தட்டு வெளியிட்டுவிட்டுச் சுரங்க வேலைக்குத் திரும்பிய வர்ஜீனியாவின் டாக் பாக்ஸைச் சீகரின் தம்பி மைக் 1963இல் கண்டுபிடித்தார். அந்த ஆண்டே அவர் நியூபோர்ட்டில் தம் பேன்ஜோவோடு இளைஞர்கள் முன் அமர்ந்தார்.

மைக் சீகரைப் பற்றியும் ஒரு சொல். அண்ணனின் எளிய முறையை அவர் பின்பற்றவில்லை. பழைய கலைஞர்களின் பாணியை நூல் பிசகாமல் மீட்பதே அவர் தேர்ந்த வழி. 1958இல் தொடங்கிய அவருடைய நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழுவைக் கேட்டுப் பழம்பாணிக்குத் திரும்பியவர்கள் தனி ஒரு மரபாகவே இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு வழிகள்.

கேள்வி: இன்றைய கறுப்பினப் பேன்ஜோ கலைஞர்களும் சீகரின் வழி வந்தவர்கள்தாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அப்படிச் சொல்வது பிழையாகும். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பேன்ஜோ கலைஞர்களின் கூடல் ஒன்று நடந்தது. அதில் சந்தித்த ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூவரும் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். அவர்களுடைய குரு ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞர். அவருடைய வீட்டுக்கே போய் அமர்ந்து கற்றார்கள். தங்கள் முன்னோர் படைத்த கருவியைத் தங்கள் முதியவரிடமிருந்தே பெற்ற அந்த வரலாறு அவர்களுக்கே உரியது. கிடன்ஸ் 2023இல் தம் இசைநாடகம் ஒன்றுக்காக மைக்கேல் ஏபல்ஸோடு சேர்ந்து புலிட்சர் பரிசு பெற்றார்.

கேள்வி: பள்ளியில் நாங்கள் பாடிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ பாடலுக்கும் சீகருக்கும் தொடர்பு உண்டா? அவரைக் கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்)

பதில்: உண்டு. அது ‘வீ ஷல் ஓவர்கம்’ பாடலின் இந்தி வடிவம்; எழுதியவர் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர். மூலப்பாடல் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து தொழிலாளர் போராட்டங்களுக்கு வந்தது. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுத் தர, 1947 அளவில் அவரிடமிருந்து பெற்ற சீகர் நாடெங்கும் பாடினார். 1960இல் கை கரவான் என்ற இளைஞர் அதைக் கறுப்பின மாணவர் போராட்டக்காரர்களிடம் கொண்டு சேர்த்தார். சீகர் தம் பெயரும் சேர்ந்திருந்த அப்பாடலின் உரிமைத்தொகையை, தென்மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்கான நிதிக்கே போகும்படி செய்தார்.

நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களுக்கு ஒரு காட்சியைப் பரிந்துரைக்கிறேன். 2009 ஜனவரி 18ஆம் தேதி, ஒபாமா பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்பு, வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நடந்த நிகழ்ச்சி அது. சீகருக்கு அப்போது 89 வயது. ஒரு பக்கம் பேரன் டாவோ. இன்னொரு பக்கம், சீகர் பரப்பிய பாடல்களைத் திரட்டி 2006இல் ஒரு தொகுப்பே வெளியிட்ட புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். உட்டி கத்ரியின் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாடலை, மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடப்படும் சரணங்களையும் சேர்த்துப் பாடுகிறார்கள். முதுமையில் சீகரின் குரல் மிகவும் தேய்ந்துவிட்டிருந்தது. ஆகவே அவர் பாடுவதைவிட எடுத்துக் கொடுப்பதே அதிகம்: ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதன் சொற்களைக் கூட்டத்தை நோக்கி உரக்கச் சொல்கிறார், நம் பஜனைகளில் பாகவதர் எடுத்துக் கொடுப்பதை மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுபோல, கூட்டம் அதை வாங்கிப் பாடுகிறது.

அதைப் பார்த்த பிறகு அவருடைய பேன்ஜோவின் பழைய படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கூட்டத்தின் குரலுக்கு ஏற்பச் சுருதியைத் தாழ்த்துவதற்காக, கழுத்தை மூன்று மெட்டு நீளமாக்கித் தாமே உருவாக்கிக்கொண்ட கருவி அது; ஐந்து கட்டையில் நிற்கும் பேன்ஜோ மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். தோலின் விளிம்பை ஒட்டி வட்டமாக அவர் எழுதி வைத்திருந்த வரியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்து நின்று அதைச் சரணடையச் செய்கிறது.’ பிறகு, 1954ஆம் ஆண்டுப் பயிற்சி இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் அவர் ஒவ்வொரு விரலசைவையும் மெதுவாக வாசித்துக் காட்டுகிறார். ‘தாம் தக’ முதலிலேயே வந்துவிடும்.